இரண்டு கரண்டி வெந்தயம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. மூன்று வருடமாகிவிட்டது. இந்தக் கதையைக் கேட்டு ஊர் சிரித்து ஓய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அருளப்பு மட்டும் இன்னும் ஓயவில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நான் கோபத்தோடுதான் எழுதுவேன். (பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டலாம். நான் ஒன்றும் குறை நினைக்கமாட்டேன்.)

எங்கள் ஊர்காவற்றுறையில், மனிதருக்கு எங்கே வருத்தம் வரலாம் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. நெஞ்சில் வரலாம். நெஞ்சில் வந்தால் பூசையில் பெயர் சொல்லி மன்றாடுவார்கள். சீனி வருத்தம் வரலாம், பிறசர் வரலாம், முழங்காலில் வாதம் வரலாம். முழங்கால்காரருக்குக் கோயிலில் முன்வரிசையில் கதிரைகூடக் கிடைக்கும். ஆனால் வயிற்றுக்குக் கீழே, தொடைக்கு மேலே ஒருவருக்கும் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் அதற்கு ஒரே பெயர்தான்: மூலச்சூடு. அதையும் மெதுவாகத்தான் சொல்லவேண்டும்.

என் அண்ணை இந்த ஒழுங்கை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர். ஒன்பது மாதம் இரத்தம் போயிருக்கிறது. கடலுக்குப் போனார், வந்தார், கிழிந்த வலை பொத்தினார், பெருநாளுக்குத் தேர் இழுத்தார். முகம் வெளிறிப்போயிருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு, "மூலச்சூடு, ரெண்டு இளநி குடிச்சாச் சரி" என்று சொன்னார். கடைசியில் யாழ்ப்பாணத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது குடல் முழுக்கப் புற்றுநோய். ஐம்பத்தொரு வயதில் போய்விட்டார். சேமக்காலையில் குழிக்கு முன்னால் எல்லோரும் அழுதபோது நான் அழவில்லை. பெட்டியைப் பார்த்து மனதுக்குள் "விசரன், விசரன்" என்று திட்டிக்கொண்டு நின்றேன். அண்ணை வருத்தத்தால் சாகவில்லை, வெட்கத்தால் செத்தார் என்பது என் முடிவு. அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றமில்லை.

இப்படி வாய் கிழியப் பேசுகிற நான் யார்? இருபத்தாறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்த ரெஜினா ரீச்சர். சமிபாட்டுத் தொகுதியைக் கரும்பலகையில் வாயிலிருந்து கடைசித் துவாரம்வரை கீறி, இளித்த பிள்ளைகளை முழங்காலில் நிற்க வைத்தவள். எனக்கு அதே ஐம்பத்தொரு வயதில் இரத்தம் போகத் தொடங்கியபோது என்ன செய்தேன்? பேசாமல் இருந்தேன். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். கேட்ட ஒரே ஆளுக்கு (அருளப்புதான், வேறு யார் கேட்கப்போகிறார்கள்) நான் சொன்னது, "மூலச்சூடு."

அருளப்பு அதிகம் கதைக்காத மனிதர். அன்றைக்கு மட்டும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "உந்தக் கதையை நான் முதலே ஒருக்காக் கேட்டனான்" என்றார். அடுத்த வாரம் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டொக்டர், என் அண்ணையின் கதையைக் கேட்டுவிட்டு, குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தேயாக வேண்டும் என்றார். திகதி கிடைப்பதற்கு இன்னும் ஏழு கிழமை. ஆக ஐந்து மாதத்தைத் தாண்டியாகிவிட்டது. அந்த ஏழு கிழமையும் நான் எப்படிப் படுத்து எழும்பினேன் என்பதை எழுதமாட்டேன்.

கமரா விடுவதற்கு முதல் குடலைக் கழுவவேண்டும். அதற்கு ஒரு தாள் தந்தார்கள். மூன்று நாளைக்கு முதலே கீரை, பழம், விதை எல்லாம் நிற்பாட்டவேண்டும். முதல் நாள் முழுக்கத் தெளிந்த தண்ணீர் வகை மட்டும். பின்னேரம் மூன்று மணிக்குப் பவுடர் கரைத்த தண்ணீர் இரண்டு லீற்றர், மறுநாள் விடிய இரண்டு லீற்றர். தாளைக் கண்டதும் என் கை தானாகச் சிவப்புப் பேனையை எடுத்தது. முக்கியமான இடங்களில் கோடு இழுத்தேன். 'விதைகள் அறவே கூடாது' என்ற வரிக்கு இரண்டு கோடு. பிறகு அந்தத் தாளை நாலாக மடித்து, அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் ஒளித்தேன். எதற்கு ஒளித்தேன்? வீட்டில் அருளப்புவும் நானும் மட்டும். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் ஒளித்தேன்.

பள்ளிக்கூடத்துக்குத் தடிமன், மூக்கால் வடிகிறது என்று சொல்லி லீவு போட்டாயிற்று. (தடிமன் கழுத்துக்கு மேலே. ஆகவே சொல்லலாம்.) அது ஐப்பசி மாதம், எங்களுக்குச் செபமாலை மாதம். மாதா சொரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போகும். பின்னேரம் வட்டாரத்துச் சனம் மெழுகுதிரியோடும் பாட்டோடும் கொண்டுவந்து வைத்து, செபமாலை சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த பின்னேரம் வந்து அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போவார்கள். எங்கள் முறை இரண்டு நாள் தள்ளியிருந்தது. அதைப் பார்த்துத்தான் திகதியே எடுத்தேன்.

குடல் கழுவுகிற அன்று காலை பதினொரு மணிக்கு, வட்டாரத்தின் செபத்தலைவி திரேசம்மா அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"ரீச்சர், இண்டைக்குப் பின்னேரம் மாதா உங்கட வீட்டை வாறா."

"எங்கட முறை ஞாயிற்றுக்கிழமையெல்லோ அக்கா?"

"ஓம். இண்டைக்கு முறைகாரர் திடீரெண்டு கொழும்புக்குப் போட்டினம். வீடு பூட்டிக்கிடக்கு. மாதாவை ரோட்டிலயே வைக்கிறது?"

'இன்றைக்கு ஏலாது அக்கா, நாளைக்கு எனக்குக் குடலுக்குக் கமரா விடுகினம்' என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை ஒரு செருமலால் அடக்குகிறவளுக்கு அந்த ஒரு வசனம் வரவில்லை. "அதுக்கென்ன, வரச் சொல்லுங்கோ" என்றேன். திரேசம்மா அக்கா போனபிறகு அருளப்பு என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. யார்மேலாவது வரத்தானே வேண்டும்?

மூன்று மணிக்குத் தண்ணீரைத் தொடங்கினேன். கடல் தண்ணீருக்குள் தேசிக்காய் பிழிந்து, அதற்குள் சவர்க்காரத்தைப் போட்டு எடுத்ததுபோல இருந்தது. கால் மணித்தியாலத்துக்கு ஒரு கோப்பை. ஒரு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. 'சனம் சும்மா பயப்படுத்துகினம்' என்று நினைத்துக்கொண்டு மாதாவுக்கு மேசை விரித்தேன். நாலரைக்கு என் வயிறு ஒரு முறை உருண்டது. அதற்குப் பிறகு நடந்ததை ஒரு விஞ்ஞான ரீச்சராகச் சொன்னால், அமுக்கம் அதிகரித்தது.

எங்கள் கக்கூசு வீட்டுக்கு வெளியே, கிணற்றடிக்கு அங்கால் இருக்கிறது. தகரக்கதவு. திறந்தால் ஒரு சத்தம், பூட்டினால் இரண்டு சத்தம். "அதுக்கு ஒருக்கா எண்ணெய் விடுங்கோ" என்று நான் அருளப்புவிடம் நாலு வருடமாகச் சொல்லிவந்தேன்.

ஐந்தரைக்கு மாதா வந்தார். கூடவே பன்னிரண்டு பெண்கள். விறாந்தை நிறையவில்லை என்று எல்லோரும் உள்ளே வந்து, குசினி வாசலை மறித்துக்கொண்டு பாயில் அமர்ந்தார்கள். கிணற்றடிக்குப் போகிற ஒரே வழியான அந்த வாசலுக்கு நேர் முன்னால், கால்களை நன்றாக நீட்டி இருந்தவர் பிலோமினா மச்சாள். என் அண்ணையின் மனைவி. எங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறார். இந்த உலகத்தில் நான் இரத்தம் போகிற கதையைச் சொல்லக்கூடாத ஓர் ஆள் என்றால் அது மச்சாள் என்று நான் முடிவுசெய்து வைத்திருந்தேன். அவர் அதைத் தாங்கமாட்டார் என்று நினைத்தேன்.

செபமாலையின் முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் ஒரு தரம் எழும்பினேன். இரண்டாவது பத்தில் இரண்டு தரம். ஒவ்வொரு முறையும் மச்சாளின் கால்களைத் தாண்டவேண்டும், போகும்போதும் வரும்போதும். வெளியே தகரக்கதவு அடிக்கும் சத்தம் செபத்துக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாவது பத்து வீட்டுக்காரி சொல்லவேண்டியது. நான் முன்பாதியைச் சொல்ல, சனம் பின்பாதியைச் சொல்லும். ஐந்து மணிகள் நன்றாகப் போயின. ஆறாவதன் முன்பாதியை முடித்ததும் எனக்கு வேறு வழியில்லை, எழும்பி ஓடினேன். சனம் பின்பாதியைச் சொல்லி முடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தது. ஒருவரும் தொடங்கவில்லை. வீட்டுக்காரி இருக்க மற்றவர் தொடங்கக்கூடாதாம். எனக்குக் கேட்ட அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. வகுப்பில் பழகிய தொண்டைதானே, தகரக்கதவுக்குள் இருந்தே ஏழாவது மணியைத் தொடங்கினேன். சனம் உள்ளே இருந்து பதில் சொன்னது. எட்டும் ஒன்பதும் அப்படியே போயின. பத்தாவதைக் கிணற்றடியில் கைகழுவிக்கொண்டு சொன்னேன். (மாதா மன்னிப்பார். அவரும் பெண்தானே.)

நான் திரும்பி வந்தபோது செபம் நின்றிருந்தது. பன்னிரண்டு முகமும் என்னைப் பார்த்தன.

"என்ன ரீச்சர் செய்யுது?" என்றார் திரேசம்மா அக்கா.

"வயித்தாலடி," என்றேன். "நேற்று மத்தியானம் திண்ட மீன் சரியில்லைப் போல."

அந்த மீனைக் கடலில் பிடித்துவந்த அருளப்பு விறாந்தையில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

வயித்தாலடி என்ற சொல்லுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் மத்தியில் என்ன பலன் என்பதை நான் யோசித்திருக்கவேண்டும். செபத்தை மறந்தார்கள். ஒருவர் மாதுளங்கோது அவித்துக் குடிக்கச் சொன்னார். ஒருவர் கோப்பித்தூளில் தேசிப்புளி விட்டுத் தின்னச் சொன்னார். "பொறுங்கோ, பொறுங்கோ" என்று மன்றாடிக்கொண்டு நான் நிற்க, பிலோமினா மச்சாள் எழும்பிக் குசினிக்குள் போனார். என் வீட்டுக் குசினியில் எது எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு கிண்ணத்தில் தயிர், அதற்குள் வெந்தயம். அரைக்காத, ஊறாத, முழு வெந்தயம். குவித்த இரண்டு கரண்டி.

"சப்பாமல் விழுங்கு. அரை மணித்தியாலத்தில கட்டும்."

"வேண்டாம் மச்சாள், தானா நிக்கும்."

"உன்ர கொண்ணையும் இப்பிடித்தான் எல்லாம் தானா நிக்குமெண்டு சொன்னவர்."

மச்சாள் கிண்ணத்தை என் வாய்க்குக் கிட்ட நீட்டினார். அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது. வயித்தாலடிக்கே இப்படிக் கலங்குகிற மனுசியிடம், அண்ணைக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்குமோ என்று பார்க்கப்போகிறார்கள் என எப்படிச் சொல்வது? அதுவும் பதினொரு பேருக்கு முன்னால்? 'விதைகள் அறவே கூடாது.' இரண்டு சிவப்புக் கோடும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தன. நான் வாயைத் திறந்தேன். இரண்டு கரண்டியையும் விழுங்கினேன்.

இத்தோடு விட்டாரா? சனம் தேத்தண்ணி குடித்துக் கலைந்தபிறகும் மச்சாள் போகவில்லை. கட்டுகிறதா என்று பார்க்கவேண்டுமாம். செபமாலையைக் கையில் உருட்டிக்கொண்டு, என் போத்தலில் மிச்சமிருந்த பவுடர் தண்ணீருக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் காவலிருந்தார். நான் அதைத் தொடவே முடியவில்லை. நான் மூன்று தரம் வயிற்றை அடக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, அதைக் கண்டு திருப்திப்பட்டு, "பார்த்தியே, நிண்டிட்டுது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் இன்னொரு இரண்டு லீற்றர் இருந்தது. அதை ஒழுங்காகக் குடித்திருந்தாலாவது ஏதோ நடந்திருக்கும். ஆனால் பஸ்ஸை நினைத்தேன். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பாதையை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைசியில் பண்ணைக் கடலுக்கு நடுவே இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்குவதற்கு ஒரு பற்றைகூட இல்லை. பாதியைக் குடித்தேன். பாதியைக் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றினேன். மரம் இன்றைக்கும் நன்றாக நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம். கடைசியாகச் சாப்பிட்ட திண்ம உணவு எது, எப்போது? பரீட்சையில் பொய் எழுதுகிற பிள்ளையை நான் தூரத்தில் வைத்தே பிடிப்பேன். நான் 'முந்தநாள் இரவு, பாண்' என்று எழுதினேன்.

உள்ளே பின்பக்கம் திறந்த ஒரு சட்டையைத் தந்து, கட்டிலில் இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார்கள். அப்போதுதான் எனக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"ஐயோ, எங்கட ரெஜினா ரீச்சரே!"

சுகந்தி. எங்கள் ஊர்ப் பிள்ளை. சமிபாட்டுத் தொகுதி கீறியபோது இளித்ததற்காக நான் முழங்காலில் விட்டவர்களில் முதலாவது ஆள். இப்போது அங்கே தாதி மிஸ்ஸியாக, கையுறையோடு, என் முதுகுப் பக்கத்தில் நின்றாள்.

மயக்க ஊசி மெல்லியதுதான் போட்டார்கள். திரை எனக்கு நன்றாகத் தெரிந்தது. டொக்டர் குழாயைக் கொஞ்சம் உள்ளே விட்டார். நின்றார். தண்ணீர் பீச்சினார். உறிஞ்சினார். திரும்ப நின்றார்.

"அம்மா, நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை டொக்டர்."

"ஒண்டுமில்லையோ? அப்ப உது என்ன?"

திரையில், ஊதிப்பெருத்து, வழுவழுவென்று, மஞ்சளும் பழுப்புமாக, என் குடலின் சுவர் முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடினேன்.

"டொக்டர், உது வெந்தயம்," என்றாள் சுகந்தி.

இன்னும் கொஞ்சம் முயன்றார். உறிஞ்சுகிற குழாய்க்குள் ஒன்று போய் இறுகிக்கொண்டது. அதை வெளியே எடுத்துத் துப்புரவாக்கிவிட்டு, அந்த மனிதர் கோபத்தை அடக்கிக்கொண்டு, "உங்களுக்கு உள்ளுக்கை என்ன இருக்கெண்டு என்னாலை சொல்ல ஏலாது. நல்லதோ கெட்டதோ, வெந்தயத்துக்குப் பின்னால இருக்கு. திரும்ப வாங்கோ" என்றார். அடுத்த திகதி இரண்டு மாதத்துக்குப் பிறகு. சட்டையை மாற்றும்போது சுகந்தி என் காதுக்குள் மெதுவாகச் சொன்னாள்:

"ரீச்சர், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்திட்டீங்கள்."

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் யன்னல் கரையில் இருந்தேன். பக்கத்தில் அருளப்புவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். சிரிக்கிறார். "நான் பிடிச்ச மீன்மேல பழியைப் போட்டீர், இப்ப என்னண்டால் வெந்தயம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். புளியங்கூடல் வந்தபோது, இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று நினைத்து நான் அழத் தொடங்கினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். ஊர் வரும்வரை அவர் திரும்பப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

வீட்டுக்கு வர ஐந்து மணி தாண்டிவிட்டது. மாதாவை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக அதே பன்னிரண்டு பேரும் வந்து நின்றார்கள். பிலோமினா மச்சாள் முன்னால் வந்து, வெற்றிபெற்ற முகத்தோடு கேட்டார்:

"எப்பிடி, கட்டிப்போட்டுதே?"

எனக்குள் எதுவோ அறுந்தது.

"கட்டிப்போட்டுது மச்சாள்! நல்ல வடிவாக் கட்டிப்போட்டுது! என்னை மட்டுமில்லை, டொக்டற்றை மிசினையும் சேத்துக் கட்டிப்போட்டுது!"

பிறகு என் வாய் நிற்கவில்லை. மாதாவுக்கு முன்னால், கொளுத்திய மெழுகுதிரிகளுக்கு முன்னால், வகுப்பில் கத்துகிற அதே குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். வயித்தாலடி இல்லை, மருந்து குடித்துப் போகவைத்தது என்றேன். பின்பக்கத்தால் கமரா விடுவதைச் சொன்னேன். ஐந்து மாதத்துக்கு மேலாக இரத்தம் போகிறதைச் சொன்னேன். அந்த இடத்தின் பெயரையும் சொன்னேன். திரேசம்மா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

மச்சாள் அசையவில்லை. அழுவார், விழுவார் என்று பயந்தேன். அவர் அழவில்லை. எனக்கு வந்த கோபமெல்லாம் ஒன்றுமேயில்லை என்று தெரிகிற அளவுக்கு அவருக்குக் கோபம் வந்தது.

"அவர் எனக்குச் சொல்லேல்லை," என்றார். "ஒன்பது மாதம் பக்கத்தில படுத்தனான். எனக்குச் சொல்லேல்லை. ஏனெண்டால் நான் தாங்கமாட்டனாம். நீயும் சொல்லேல்லை. அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து, வெந்தயம் கரைச்சுத் தாறதுக்கு மட்டும்தான் என்னை வைச்சிருக்கிறியளோ?"

  அண்ணையை விசரன் என்று சேமக்காலையில் வைத்துத் திட்டியவள், அவர் செய்ததை அப்படியே பிரதி பண்ணியிருக்கிறேன்.

"அவங்கள் தந்த கடுதாசி எங்கை? கொண்டா."

அலுமாரியில் சீலைகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மச்சாள் மாதாவின் மெழுகுதிரி வெளிச்சத்தில் வரி வரியாக வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"உதுக்கு ஆர் ரெண்டு கோடு இழுத்தது?"

"நான்தான்."

"கோடு இழுத்துப்போட்டோ விழுங்கினனீ?"

"ஓம்."

"ரீச்சராம்," என்றார் மச்சாள். தாளை மடித்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து அந்த நாள் வந்தபோது பொறுப்பு முழுக்க மச்சாளிடம் இருந்தது. பின்னேரம் இரண்டரைக்கு, தன் வீட்டு நீலப் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் படலைக்கு வெளியே போட்டு அமர்ந்தார். ரோட்டால் போகிறவர், வருகிறவர், நின்று பார்க்கிறவர் எல்லோருக்கும் அறிவித்தல்.

"ரெஜினாவுக்குக் குடல் கழுவுது. நாளைக்குக் கமரா. உள்ளை போக ஏலாது."

மீன்காரருக்குச் சொன்னார். தபால்காரருக்குச் சொன்னார். மாதுளங்கோதோடு வந்த ஒருவரைத் திட்டித் திருப்பி அனுப்பினார். சைக்கிளில் வந்த பங்குத்தந்தையையும் விடவில்லை. "பாதர், அவளுக்கு இப்ப வர ஏலாது. ஆசீர்வாதத்தை உங்கை நிண்டே குடுத்திட்டுப் போங்கோ." பாதர் ரோட்டில் நின்றபடி, தகரக்கதவு இருந்த திசையைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டதாக அருளப்பு சொன்னார். நான் காணவில்லை. நான் கதவுக்கு உள்ளே இருந்தேன். நாலு லீற்றரையும் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். காலையில் பஸ்ஸுக்குப் பதிலாக, ஒரு வானை மச்சாளே பேசி வைத்திருந்தார். வழியில் ஒதுங்க ஒரு வாளியும் சேலைத்திரையும்கூட அதில் ஏற்றியிருந்தார். (தேவைப்பட்டதா என்று கேட்காதீர்கள்.)

இந்தமுறை திரையில் எல்லாம் துப்புரவாகத் தெரிந்தது. "ரீச்சர், நல்லாப் படிச்சுக்கொண்டு வந்திருக்கிறீங்கள்" என்றாள் சுகந்தி. ஒரு வளைவில் டொக்டர் நின்றார். ஒரு சின்னச் சதை வளர்ச்சி, கடலைக்கொட்டை அளவு. அப்போதே கம்பி வளையத்தால் சுருக்கி வெட்டி எடுத்தார். சோதித்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் சில வருடத்தில் அப்படித்தான் மாறியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அந்தக் கட்டிலில் படுத்திருந்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. கோபம்தான் வந்தது. அண்ணைக்கும் ஒரு காலத்தில் இது கடலைக்கொட்டை அளவில்தான் இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது வெந்தயத்துக்குத் தனி மரியாதை. குழம்புக்குத் தாளிக்கும்போதெல்லாம் அருளப்பு குசினி வாசலில் நின்று, "டொக்டற்ற மிசினுக்குக் கொஞ்சம் எடுத்து வையும்" என்பார். குடும்பத்தில் யாராவது எதையாவது ஒளிக்கிறதுபோலத் தெரிந்தால், அது காதலோ, கடிதமோ, காய்ச்சலோ, ஒரே கேள்விதான் கேட்போம்: "கதிரை போடவோ?" அதோடு சொல்லிவிடுவார்கள்.

போன மாதம் திரேசம்மா அக்கா வந்தார். கையில் ஒரு வெறும் கிண்ணம், எப்போதோ என்னிடம் வாங்கியதாம். நான் கொடுத்த ஞாபகமே இல்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றார். இருக்கவும் மாட்டேன் என்றார். படலைவரை போய்த் திரும்பி வந்தார்.

"ரீச்சர்," என்றார் மிக மெதுவாக. "அந்தக் கடுதாசி இன்னும் கிடக்கே? எனக்கில்லை, எனக்குத் தெரிஞ்ச ஒராளுக்கு. மூலச்சூடு மாதிரி. ஒரு மூண்டு மாதமா. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அண்ணையின் முகத்தில் இருந்த அதே வெளிறல். எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. எழும்பிப் போய், வேலிக்கு மேலால் எட்டி, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

"மச்சாள்! கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வாங்கோ!"

திரேசம்மா அக்கா என் வாயைப் பொத்த வந்தார். ஆனால் பிலோமினா மச்சாள் ஏற்கனவே ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். நீலக் கதிரை அவருடைய தலைக்கு மேலே இருந்தது.